ஓடுகிற வண்டியிலிருந்து வாசிக்கத்தக்க எழுத்து

காந்திமதி விலாச அச்சுக்கூடம்,
மேலரதவீதி, திருநெல்வேலி டவுண்.
பரிதாபி வருஷம், ஆடி மாதம் 27-ந் தேதி.

சேரன்மகாதேவியில் வாசமாயிருக்கும் ரிட்டயர்டு சிரஸ்தாரும், என் அக்காள் சொர்ணாம்பாளின் கைப்பிடித்தவருமான மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ தாணுமாலையன் பிள்ளை அத்தான் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் சிவசண்முகம் தலை நிமிர்ந்து எழுதிக்கொண்ட கடிதம். வழக்கமாகத் தலை வணங்கி என்றுதான் எழுதுவேன். இந்த ஒரு தடவை நிமிர்ந்து எழுதக் காரணம் உண்டு, அது கீழே வருகிறது.

இவ்விடத்தில் நான், மகள் சண்முகசுந்தரி, கறவைப் பசு, அச்சு இயந்திரம் எல்லோரும் சௌக்கியம். வருஷத்தின் பெயர்தான் பரிதாபியே தவிர எங்களுக்கு ஒரு பரிதாபமும் இல்லை. என் சம்சாரம் ஞானம்பாளும் சௌக்கியமே, என்னோடு பேசி இருபது நாள் ஆகிறது, ஆனால் அது வியாதியில் சேராது என்பதால் இங்கே விஸ்தரிக்கவில்லை. அங்கே அக்காளின் முழங்கால் வலி தைலத்துக்கு மட்டுப்பட்டதா என்றும், மருமகன் கைலாசம் இன்னும் என்னை மாமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறானா என்றும் அறிய ஆவல்.

நிற்க, விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாசியில் நான் புதிதாகக் கண்டுபிடித்த எழுத்தில் ஒரு மாதிரிக் காகிதம் அச்சடித்துத் தங்களுக்கு அனுப்பினேன். அதற்குத் தாங்கள், கட்டிட வரைபடம் கிடைத்தது, சரக்குக் கிட்டங்கி நல்ல உறுதியாகத் தெரிகிறது, வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதினீர்கள். அது கிட்டங்கி அல்ல, ‘சிவமயம்’ என்று நான் பதில் போட்டேன். அப்படியானால் எலி கடித்த கிட்டங்கி என்று தாங்கள் மறுபதில் போட்டதோடு, தாலுகா கச்சேரியில் முப்பது வருஷம் உத்தரவு எழுதின கையால் கீழே ஒரு நிபந்தனையும் எழுதினீர்கள். அதை வரி பிசகாமல் இங்கே பெயர்த்து எழுதுகிறேன்: ‘திருநெல்வேலிச் சீமையில் ஒரே ஒரு மனிதர், உமக்குச் சொந்தமும் அல்லாதவர், உம்மிடம் கூலி வாங்காதவர், இந்த எழுத்தை நின்று விழிக்காமல் வாசித்தார் என்று எழுத்துமூலம் ருசு காட்டினால், ஆவணி முதல் முகூர்த்தத்தில் வெற்றிலைத் தட்டோடு வந்து சுந்தரியைக் கேட்போம். காட்டாவிட்டால் கைலாசத்துக்கு மூளை தெளிந்த சம்பந்தியாக வேறு இடம் பார்ப்போம்.’ தாங்கள் விளையாட்டாக எழுதினீர்களோ வினையாக எழுதினீர்களோ எனக்குத் தெரியாது. சுந்தரி அதை வினையாகத்தான் வாசித்தாள். பிறந்த அன்றே இவள் கைலாசத்துக்கு என்று அக்காள் தொட்டில் பக்கத்தில் நின்று சொன்ன பெண் அல்லவா? அழவில்லை, கோபிக்கவில்லை. கைலாசம் வாசித்து முடித்து அவ்வப்போது அனுப்பிவைத்த புத்தகங்களைத் துடைத்து ஒரு பெட்டியில் அடுக்கி, பூட்டி, சாவியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அத்தான், அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டே நான் நாலு மாதம் வேலை செய்திருக்கிறேன். ராத்திரி எழுந்து விளக்கேற்றி அதைத் தொட்டுப் பார்த்த நாளும் உண்டு. இதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் இப்போது சாவி மேஜைமேல் இல்லை.

இந்த எழுத்து எப்படிப் பிறந்தது என்று தாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்காவிட்டாலும் சொல்லுகிறேன். தை மாதம் கங்கைகொண்டான் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு சரக்கு வண்டி நிற்காமல் போயிற்று. பெட்டி பெட்டியாக, சதுரம் சதுரமாக, ஒரு வளைவு கிடையாது. அதன் பக்கவாட்டில் ஏதோ எழுதியிருந்தது, நான் முதல் எழுத்தைக் கூட்டுவதற்குள் கடைசிப் பெட்டியும் போய்விட்டது. அப்போது எனக்கு ஒரு ஞானம் உதித்தது. நம்முடைய தமிழ் எழுத்து ஏன் இப்படிச் சுழித்துச் சுழித்து இருக்கிறது? ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழிந்துபோகும் என்று நம் முன்னோர் வளைத்து எழுதினார்கள். சரி, அவர்கள் செய்தது நியாயம். காகிதத்துக்கு என்ன கிழிசல்? அச்சுக்கு என்ன பயம்? இனி வரப்போகிற மனுஷன் ரெயிலில் போவான், மோட்டாரில் போவான். போன வருஷம் வடக்கே எங்கேயோ ஆகாய விமானத்தில் தபால் கொண்டுபோனார்கள் என்று பத்திரிகையில் பார்த்தோமே, அதிலும் போவான். நின்று நிதானித்துச் சுழியெண்ண அவனுக்கு நேரம் ஏது? ஆகவே சுழி எல்லாம் கட்டம், கொம்பு எல்லாம் படி, புள்ளி ஒரு சின்னச் சதுரம், கோடு ஒவ்வொன்றும் கட்டைவிரல் கனம், இப்படி ஒரு எழுத்து செய்தேன். பார்த்தால் எழுத்துகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சிப்பாய்கள் மாதிரி நிற்கும். இதற்கு முன் இப்படி ஒன்று எங்கும் இருந்ததில்லை, எவர் எழுத்தையும் பார்த்து நான் செய்ததில்லை, முழுக்க முழுக்க என் தலையிலிருந்து வந்தது. ‘சிவசண்முகம் எழுத்து’ என்றே பெயரும் வைத்துவிட்டேன்.

என் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் முகம்மது சுல்தானைத் தாங்கள் அறிவீர்கள், பத்தமடையில் பெண் எடுத்த பையன். அவனிடம் முதல் மாதிரியைக் காட்டியபோது வெகுநேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இதை நான் எங்கயோ பாத்திருக்கேன்” என்றான். இனிமேல்தான் வரப்போகிற எழுத்தை நீ எப்படியப்பா முன்னாலேயே பார்த்திருக்க முடியும் என்று அடக்கிவிட்டேன். பாவம், அவன் எழுத்துக் கோக்கத் திரும்பிவிட்டான்.

அரை முழ உயரத்தில் ஈயத்தில் வார்த்தால் தூக்க ஆள் வேண்டும், ஆகவே தேக்குக் கட்டையில் செதுக்குவது என்று முடிவாயிற்று. அதற்கு அம்பாசமுத்திரத்திலிருந்து கருத்தையா ஆசாரியை வரவழைத்தேன். கை சுத்தமான வேலைக்காரர்தான். ஆனால் வாழ்நாள் முழுவதும் கடைசல் பட்டறையில் மரச்சொப்பு கடைந்தவர், உருண்டையாக அல்லாமல் எதையும் செய்து பழக்கமில்லை. முதல் ‘ச’ வந்தபோது அது ஒரு சொப்புப் பானை மாதிரியே இருந்தது. மூலை வேண்டும் ஆசாரியாரே என்றால், மூலை இருந்தால் பிள்ளைகள் கையில் குத்தும் என்கிறார். பிள்ளைகள் இதை வைத்து விளையாடப் போவதில்லை என்று நான் மூன்று நாள் விளக்கினேன். அது போக, அச்சுக்கட்டையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் காகிதத்தில் நேராக விழும். அவர் நேராகவே செதுக்கினார். ‘சிவமயம்’ கண்ணாடிக்குள் விழுந்து வெளியே வர முடியாமல் தவிப்பது போல அச்சாயிற்று. நீங்களே இடவலம் மாற்றி வரைந்து தாருங்கள் என்று பென்சிலைக் கொடுத்துவிட்டார். இங்கேதான் அத்தான், கடவுளின் கிருபையைத் தாங்கள் கவனிக்கவேண்டும். என் எழுத்தை நேராக வரைந்தால் கை கொஞ்சம் தடுமாறும். இடவலம் மாற்றி வரைய ஆரம்பித்தேனோ இல்லையோ, வெள்ளத்தில் போகிற ஓலைக்கூடை மாதிரி கை தானாகப் போயிற்று. வருஷக்கணக்கில் பழகிய கை போல வருகிறதே என்று ஆசாரி அதிசயித்தார். பூர்வஜன்ம வாசனை என்று நான் அடக்கமாகச் சொன்னேன்.

ஒரே ஒரு எழுத்துத்தான் எனக்குப் பிடி கொடுக்கவில்லை. ‘இ’ ஒன்பது நாள் படுத்தியது, வழிக்கு வந்தது. ‘ஐ’ வந்தது. ‘ஞ’ மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டது. அதன் வயிற்றையும் வாலையும் எந்தக் கட்டத்தில் அடைத்தாலும் நண்டாகவோ நாற்காலியாகவோ ஆகிவிடுகிறது. உலகத்தில் ஞகரத்தில் ஆரம்பிக்கிற காரியம் எத்தனை இருக்கிறது, வருங்காலத்துக்கு ‘ஞ’ வேண்டியதில்லை என்று தீர்மானித்து அதைத் தள்ளிவிட்டேன். அந்தத் தீர்மானத்தை நான் சாப்பிடும்போது உரக்கச் சொன்னது பிசகு. ஞானம்பாள் ரசத்தை ஊற்றாமல் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டாள்.

“எல்லா எழுத்தும் வந்துட்டு. எம் பேருக்கு மட்டும் எழுத்து கிடையாதோ?”

அச்சுக்குச் சௌகரியமாக நானம்பாள் என்று வைத்துக்கொள்ளலாமே என்று நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன். அன்றைக்கு அவள் அதை மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

வைகாசியில் எழுத்துகள் தயார். முதல் வேலை கல்லிடைக்குறிச்சி அனந்தநாராயண அய்யருடையது. ‘அசல் கல்லிடைக்குறிச்சி அப்பளம், குடும்பத்தோடு வந்து ருசி பாருங்கள்’ என்று ஒரு நோட்டீஸ். ‘அப்பளம்’ என்பதை என் எழுத்தில் போட்டேன். ‘குடும்பத்தோடு வந்து’, ‘பாருங்கள்’ இரண்டையும் நடுத்தர எழுத்தில் போட்டேன். இடம் போதாததால் ‘ருசி’யைப் பொடி எழுத்தில் போட்டேன். என் எழுத்து அப்போது இன்னும் அளவுக்கு மீறிய கனம். சுல்தானும் கை தாராளமாக மை பூசினான். பகரத்தின் வாய் அடைத்துக்கொண்டு மகரமாகிவிட்டது. ‘அம்ம’ வரை வாசித்தவர்கள் மீதியைத் தாங்களே பூர்த்தி செய்துகொண்டார்கள். எப்படிப் பூர்த்தி செய்தார்கள் என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம், அக்காளுக்கு வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தை விட்டுவிடவும். நாலாம் நாள் காலையில் அய்யர் மீதி நோட்டீஸ் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிட்டார்.

“ஓய் பிள்ளைவாள், முப்பது வருஷமா மானத்தோட உளுந்து அரைச்சிண்டிருக்கேன். நேத்திக்கு நாலு பேர் கடைவாசல்ல வந்து நின்னுண்டு, எத்தனை மணிக்கு ஆரம்பம்னு கேக்கறான்.”

நோட்டீஸ் கட்டை இறக்கி வாங்கி உள்ளே வைத்தேன். ரதவீதி முழுவதும் சிரித்தது. மேலரதவீதியில் சிரிக்க ஆரம்பித்தால் அது கீழரதவீதி சுற்றி மறுபடி நம் வீட்டு வாசலுக்கே வந்து சேரும் என்பது தாங்கள் அறிந்ததே. அது சேரன்மகாதேவிக்கு வந்து சேர்ந்ததும் தாங்கள் ஒரு வரிக் கார்டு போட்டீர்கள்: ‘ஆவணி நெருங்குகிறது.’ அதைச் சுந்தரிதான் தபால்காரரிடமிருந்து வாங்கினாள். வாசித்துவிட்டு, சாவியை மேஜை ஓரத்திலிருந்து எடுத்து என் கண்ணில் படாத மாதிரி மைக்கூட்டுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாள். அத்தான், கட்டைகளை எல்லாம் அடுப்பில் போட்டுவிடலாம் என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தேன். ஆசாரிதான் தடுத்தார். மை அடைந்த பகரத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “உள்ள காத்து போகாண்டாமா பிள்ளைவாள்? சொப்புப் பானைன்னாலும் உள்ள குடைஞ்சாத்தான பானை” என்றார். அது எனக்குப் பளிச்சென்று உறைத்தது. நான் இத்தனை நாள் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், எழுத்தை வாசிக்க வைப்பது நடுவில் விடுகிற வெள்ளை. ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளே இடம் குடைந்தோம். பகரத்துக்கு வாய் அகலமாயிற்று, மகரத்துக்குத் தோளில் ஒரு படி வைத்தோம். கனமும் குறையவில்லை, கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் எழுத்துகள் முன்னைவிட அகலமாகிவிட்டன, அதனால்தான் அடுத்த விபரீதம் வந்தது. அந்த விபரீதம் வாழ்க.

ஆனித் திருவிழாவுக்குச் சாத்தான்குளத்திலிருந்து ஒரு பனங்கருப்புக்கட்டி வியாபாரி வந்து கடை போட்டார். ஊர் முழுக்கத் தெரியும்படி பெரிய நோட்டீஸ் வேண்டும் என்றார். ‘சாத்தான்குளம் கருப்புக்கட்டி வந்தாச்சு’, இவ்வளவுதான் வாசகம். எழுத்தின் அகலத்துக்கு அது ஒரு காகிதத்தில் அடங்கவில்லை. ‘சாத்தான்’ ஒரு காகிதம், ‘குளம்’ ஒரு காகிதம், ‘கருப்புக்கட்டி’ ஒரு காகிதம், ‘வந்தாச்சு’ ஒரு காகிதம் என்று நாலாக அடித்து, வரிசையாக ஒட்டச் சொல்லி, எனக்கு நோட்டீஸ் ஒட்டுகிற சுடலைக்கண்ணு வசம் கொடுத்தேன். பசை வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எழுத்து வாசனைதான் கிடையாது. பாளையங்கோட்டைக்குப் போகிற பாதையில் பாலத்து இறக்கத்தில் ஒரு சுவர். அதில் இரண்டு காகிதத்துக்குத்தான் இடம் இருந்திருக்கிறது. முதல் காகிதத்தையும் கடைசிக் காகிதத்தையும் ஒட்டிவிட்டால் நடுவில் உள்ளது தானே விளங்கிவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ‘குளம்’ என்ற காகிதத்தைக் கொண்டுபோய் ஒரு கொட்டடிச் சுவரிலும், ‘கருப்புக்கட்டி’யைத் தன் மைத்துனர் வீட்டுக் கதவிலும் வீணாகாமல் ஒட்டிவிட்டார். ஆக, பாலத்து இறக்கத்தில் அரை முழ எழுத்தில் நின்ற வாசகம் ‘சாத்தான் வந்தாச்சு’ என்பதே.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் அச்சுக்கூடத்து வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. குடையை ஊன்றிக்கொண்டு ஒரு அம்மாள் இறங்கினார்கள். ஹெப்சிபா அம்மாள் என்று பெயர், பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் உபாத்தினி. முகத்தைப் பார்த்ததுமே சுல்தான் அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் போய்விட்டான். முந்தின நாள் பிள்ளைகளை இரண்டு வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார்களாம். பாலத்து இறக்கம், மாடுகள் ஓட்டம் பிடிக்கிற இடம். முன்வண்டிப் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் சாத்தான் வந்தாச்சு என்று சத்தம் போட்டு வாசிக்க, வண்டிக்காரர் பயந்து மாட்டை இன்னும் விரட்ட, பின்வண்டியும் அதே வேகத்தில் வர, அதிலிருந்த பிள்ளைகளும் அதையே வாசித்து அலற, ஆற்றங்கரை போய்ச் சேர்ந்தும் ஒரு பிள்ளையும் தண்ணீரில் கால் வைக்கவில்லையாம். முதலில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பிறகு, அத்தான், பைய ஒரு விஷயம் உள்ளே இறங்கியது. மெதுவாகக் கேட்டேன்.

“அம்மா, வண்டி நிக்கலியா?”

“எங்க நிக்க? நான் வாசிக்கணும்னு வாசிக்கல ஐயா. கண்ணை மூடப் போனேன், அதுக்குள்ள வாசிச்சாச்சு.”

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை அப்படியே தங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரமுடியுமா என்று கும்பிட்டுக் கேட்டேன். நான் குற்றத்தை உணர்ந்து மனம் திரும்பிவிட்டதாக அந்த அம்மாள் எண்ணி, முதலில் எனக்காக ஒரு ஜெபம் செய்தார்கள். பிறகு உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினார்கள். அசல் புகாரை இத்துடன் இணைத்திருக்கிறேன். ‘வண்டி வேகமாய் ஓடிக்கொண்டிருக்கையிலேயே’ என்று வருகிற இடத்தில் நான் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன், கவனிக்கவும். எழுதினவர் எனக்குச் சொந்தமும் அல்ல, என்னிடம் கூலி வாங்குகிறவரும் அல்ல. தாங்கள் கேட்டது ஒரு மனிதர். நான் காட்டுவது ஒரு உபாத்தினி, இரண்டு வண்டிக்காரர்கள், வண்டிகொள்ளாத பெண்பிள்ளைகள். எழுத்துமூலம் ருசு கேட்டீர்கள், இதோ ருசு.

சிரஸ்தார் அவர்களே, தங்கள் வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

அந்த அம்மாள் எழுதி முடித்ததும் மைக்கூட்டுக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். சுந்தரி கையில் வைத்தேன். அவள் சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெட்டியைத் திறந்து மேலே இருந்த புத்தகத்தை எடுத்து, எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று தேட ஆரம்பித்தாள். அவ்வளவுதான். எனக்கு அது ஆனித் தேர் நிலைக்கு வந்த சந்தோஷம்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் தற்பெருமை என்பீர்கள், ஆகையால் சுருக்கமாக எழுதுகிறேன். சாத்தான் எப்படித்தான் இருக்கிறான் பார்ப்போம் என்று கூட்டம் கூட்டமாகக் கடை தேடிப் போய், தேர் நாலு வீதியும் சுற்றி வருவதற்குள் கருப்புக்கட்டி முழுக்கத் தீர்ந்துவிட்டது. வியாபாரி ஊருக்குத் திரும்பும்போது, அடுத்த வருஷமும் குளத்தைத் தனியாகவே ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அனந்தநாராயண அய்யர் மறுபடி வந்தார். சனங்கள் இப்போது ‘அந்த நோட்டீஸ் அப்பளம்’ என்றே கேட்டு வாங்குகிறார்களாம், பகரத்தின் வாயை மட்டும் இன்னும் கொஞ்சம் திறந்து வைத்து இன்னொரு தடவை அடிக்கவேண்டுமாம். மேலப்பாளையத்து நெசவுக்காரர்கள் சேலை மூட்டைமேல் போகிற ஊரின் பெயரை என் எழுத்தில் பதிக்கிறார்கள், மூட்டை ஊர் தவறிப் போவது நின்றுவிட்டது. பயாஸ்கோப் கொட்டகைக்காரர் ஒருவர் வந்து, படம் ஓடுவதற்கு முன்னால் திரையில் காட்ட வேண்டும் என்று ‘சத்தம் போடாதே’ வாங்கிக்கொண்டு போனார். எல்லாவற்றுக்கும் மேலாக ஹெப்சிபா அம்மாளே வந்தார்கள். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு நோட்டீஸ் வேண்டும், அதில் கர்த்தர் பேரு அந்தப் பேரைவிட ஒரு சாணாவது பெரிசா இருக்கணும் என்று அளவு குச்சியோடு வந்திருந்தார்கள். புதிய கட்டைகள் கருத்தையா ஆசாரி கையில் தயாராகின்றன. இப்போது அவருக்கு மூலை பழகிவிட்டது. அம்பாசமுத்திரத்தில் அவர் கடைகிற சொப்புப் பானைகளும் சதுரமாகி வருவதாகக் கேள்வி.

அச்சுக்கூடத்து வாசலில் ‘சிவசண்முகம் எழுத்து – இனி வரும் காலத்துக்கு’ என்று பலகை மாட்டிவிட்டேன். தங்கள் வீட்டு மொட்டைமாடியிலும் ‘சேரன்மகாதேவி’ என்று சுண்ணாம்பில் எழுதித் தர உத்தேசம், நாளைக்கு ஆகாயத்தில் போகிறவர்கள் இறங்க இடம் தெரியாமல் தவிக்கக்கூடாது பாருங்கள். நிச்சயதாம்பூலப் பத்திரிகையும் இந்த எழுத்தில்தான். அதில் எல்லார் பெயரும் ஜோராக வந்துவிட்டது. ஞானம்பாள் பெயருக்கு மட்டும் ‘மேற்படியார் பாரியாள்’ என்று போட்டிருக்கிறேன். அந்தப் பத்திரிகையின் மாதிரியை அவளிடம் காட்டின நாளிலிருந்துதான் அவள் பேசவில்லை. வெற்றி பெற்றவனுக்கு இப்படிச் சில அசௌகரியங்கள் சகஜம்.

ஆகையால் ஆவணி முதல் முகூர்த்தத்தில் அக்காளையும் மருமகனையும் அழைத்துக்கொண்டு, தட்டோடும், நிறைந்த முகத்தோடும் வந்துசேரவேண்டியது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வழி கேட்கவேண்டாம், நோட்டீஸை வாசித்துக்கொண்டே வந்தால் போதும். நெல்லையப்பரும் காந்திமதியம்மனும் தங்கள் குடும்பத்துக்கு ஆயுளையும், தங்களுக்குக் கண் பார்வையையும் குறைவில்லாமல் தரட்டும். அக்காளுக்கு என் நமஸ்காரம். கைலாசத்துக்கு ஆசீர்வாதம், பெட்டி திறந்துவிட்டது என்று அவனிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
வென்ற மைத்துனன்,
சிவசண்முகம்.

பின்குறிப்பு: மேற்கண்டதை உறையிலிட்டு ஒட்டப் போகும்போது ஒரு காரியம் நடந்துவிட்டது. மறைத்தால் தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன். தாங்கள் வருகிறீர்கள் என்று ஞானம்பாள் வீட்டிலுள்ள பாய்களை எல்லாம் முற்றத்துக் கொடியில் வெயிலுக்குப் போட்டாள். எங்கள் கல்யாணத்துக்குத் தாங்களும் அக்காளும் சீராகக் கொடுத்த பத்தமடைப் பாயும் அதில் ஒன்று. நல்ல பக்கம் அழுக்காகக்கூடாது என்று அதை இருபது வருஷமாகக் கவிழ்த்தே விரித்துப் படுத்திருக்கிறோம், எல்லார் வீட்டிலும் செய்வதுதான். தலைமாட்டில் கறுப்புக் கோரையில் ஏதோ கரை வேலை மாதிரி தெரியும், அது என்னவென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்குத்தான் நல்ல பக்கம் வெளியே தெரிய அதைப் போட்டிருந்தாள். ஏதோ திருத்தம் கேட்க வந்த சுல்தான் முற்றத்திலேயே நின்றுவிட்டான்.

“அண்ணாச்சி, நான் அன்னைக்கே சொன்னேம்லா? இது எங்க மாமி கை.”

அது கரை வேலை அல்ல. சிவசண்முகம் என்று என் பெயர். சுழி எல்லாம் கட்டம், கொம்பு எல்லாம் படி, புள்ளி ஒரு சின்னச் சதுரம். அவன் மாமியார் ஆசியா உம்மாள் நெய்தது. கோரை வளையாது, அதனால் எழுத்தும் வளையவில்லை, இதில் வருங்காலம் எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாள் கேட்பார்கள் என்கிறான். இடவலம் மாற்றி எழுத எனக்கு மட்டும் கை ஓடினது பூர்வஜன்ம வாசனையும் அல்ல, இருபது வருஷமாகக் காலையில் கண் விழித்ததும் பார்த்த பாயின் பின்பக்கம். ஆகவே இந்தக் கடிதத்தில் எங்கெல்லாம் ‘நான் கண்டுபிடித்த’ என்று வருகிறதோ அங்கெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். எலி கடித்த கிட்டங்கி என்று தாங்கள் எழுதியது தங்கள் சொந்தச் சீரைத்தான் என்பதையும் அக்காளிடம் தாங்களே சொல்லிவிடுவது நல்லது. பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டேன், ‘ஆசியா உம்மாள் எழுத்து’ என்று மாற்றி மாட்டப் போகிறோம்.

அது போகட்டும் அத்தான். பாயின் மறு ஓரத்தில், சுவர்ப்பக்கம் ஞானம்பாள் தலை வைக்கும் இடத்தில், இன்னொரு பெயர் இருந்தது. முதல் எழுத்து ‘ஞ’. நண்டும் அல்ல, நாற்காலியும் அல்ல. வயிறும் வாலும் அதனதன் கட்டத்தில் அடங்கி உட்கார்ந்திருந்தது. குனிந்து அதன் கட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்தேன். இருபது நாள் பேசாதவள் பக்கத்தில் வந்து நின்று பேசினாள்.

“இருவது வருசமா அந்தப் பக்கந்தான் படுத்திருக்கேன். நீங்க ஒரு நாளாவது திரும்பிப் பாத்தியளா?”

ஆசாரியை அழைத்துவர வண்டி அனுப்பியிருக்கிறேன், பத்திரிகையை மறுபடி அச்சடிக்கப் போகிறோம், அவள் பெயர் முதல் வரியில் வருகிறது. தாங்கள் வரும்போது தட்டில் பிள்ளைகள் இருவர் பெயரும் நெய்த ஒரு பத்தமடைப் பாயும் வைத்துக் கொண்டுவாருங்கள். அதை நல்ல பக்கம் மேலே வரும்படி விரிக்கவேண்டும் என்று கைலாசத்திடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.